வேர்நோயும் தழைச்சாறும்



சேலம் மாவட்டத்து ஆத்தூர் வட்டாரத்தில், மார்கழி மாதக் காலைப்பொழுதில், ஒரு வயல் வரப்பின்மேல் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் எதிரே பாத்தி பாத்தியாக, முழங்காலுக்குச் சற்று மேல் உயர்ந்த செடிகள் நிற்கின்றன. இலை தடித்தது, மெல்லிய மயிர் படர்ந்தது. கசக்கி முகர்ந்தால் கற்பூரவல்லியின் நினைவு வரும். வருவதில் வியப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. திருநெல்வேலிச் சீமையில் பொங்கலன்று சமைக்கிறார்களே சிறுகிழங்கு, அதுவும் இவற்றுக்கு நெருங்கிய உறவு. நான் கூறும் செடியை அவ்வட்டார உழவர்கள் மருந்துக்கூர்க்கன் என்பார்கள்.

நேற்று மாலை வரை செழிப்பாக நின்ற ஒரு செடி இன்று காலையில் தலை சாய்ந்து நிற்கிறது. தண்ணீர் போதவில்லை போலும் என்று உழவர் மடை திறந்து விடுகிறார். மறுநாள் அது நிமிரவில்லை. பக்கத்துச் செடியும் சாய்கிறது. பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறது. வேர் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்து நைந்த நார்தான் இருக்கிறது. பட்டையை உரித்துப் பார்த்தால் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் நுண்ணிய கரும்புள்ளிகள். இதுதான் வேரழுகல் நோய்.

நெல்லிலோ கத்தரியிலோ வேர் பழுதானாலும், அதுவரை விளைந்த கதிரையும் காயையும் ஓரளவு தேற்றிக்கொள்ளலாம். மருந்துக்கூர்க்கனில் விளைபொருளே வேர்தான். ஐந்தாறு மாதம் காத்திருந்து தோண்டியெடுத்து, கழுவி, சீவி, வெயிலில் உலர்த்தி விற்பது அந்தக் கிழங்குவேரையே. ஆகவே இங்கே வேர்நோய் என்பது களஞ்சியத்திலேயே தீ வைப்பது போன்றது.

அந்த வேருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பீர்கள். 1970-களில் பம்பாயிலும் லக்னோவிலும் இந்தியச் செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வந்த அறிஞர்கள், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருளை இதன் வேரில் கண்டார்கள். அதற்கு ஃபோர்ஸ்கோலின் என்று பெயர். அப்பெயரின் வழியாக நாம் 18-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடலாம். செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்பவர், செடி திரட்டுவதற்காக அரபு நாட்டுக்குச் சென்று, 1763-இல் ஏமன் நாட்டில் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. அவருடைய பெயரே இச்செடிக்கும், செடியின் வழியாக அம்மருந்துப் பொருளுக்கும் வந்தது. தாவரவியல் பெயர்களை நெட்டுருப் போடும் மாணவர்கள், அவற்றுள் சில நடுகற்கள் போன்றவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

வேரைக் கெடுக்கும் பகைவர்கள் பலர். இரண்டு பேரை மட்டும் அறிமுகம் செய்கிறேன். முதலாமவர் ஒரு பூசணம். மாக்ரோபோமினா என்பது அதன் பெயர். நீங்கள் பட்டையின் அடியில் கண்ட கரும்புள்ளிகள் அதன் உறங்குநிலை உருண்டைகள். செடி மடிந்த பின்னும் அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாக்கவல்ல இப்பூசணத்துக்கு வெப்பமும் வறட்சியும் பிடித்தமானவை. மண் காய்ந்து செடி வாடித் தளரும் வேளைக்காக அது காத்திருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், இந்தப் பேச்சின் பிற்பகுதியில் இதே செய்தி என்னைத் தலைகுனிய வைக்கப் போகிறது.

இரண்டாமவர் வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத சிறு புழு; வேருக்குள் புகுந்து, அங்கே முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும். இதன் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1919-இல் அமெரிக்கப் போர்வீரர்களின் மலத்தை ஆராய்ந்த இருவர், அதில் ஒருவகைப் புழுவின் முட்டைகளைக் கண்டு, இது மனிதனின் குடலில் வாழும் புதிய புழு என்று முடிவு செய்தார்கள். ஆளைக் காணாமல் முட்டையை மட்டும் கண்டதால் ‘அறியப்படாதது’ என்ற பொருள்பட இன்காக்னிடா என்று பெயரிட்டார்கள். 1923-இல் உண்மை வெளிப்பட்டது. வீரர்கள் தின்ற வேர்க்காய்கறிகளில் இருந்த செடிப்புழுவின் முட்டைகளே அவை. குடலின் வழியே வந்து போயிருக்கின்றன, அவ்வளவுதான். புழு வேருக்கு உரியது என்று தெரிந்த பின்னும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் புழு வேரைத் துளைத்து வைக்கும் வழியாகப் பூசணம் எளிதில் உள்ளே நுழையும். இருவரும் கூடிவிட்டால் வயல் விரைவில் காலியாகும்.

கடையில் பூசணக்கொல்லி மருந்துகள் கிடைக்கின்றனவே என்றால், கிடைக்கின்றன. ஆனால் நாம் நஞ்சை ஊற்றும் அதே வேர்தான் நாளை மற்றொருவருக்கு மருந்தாகப் போகிறது. வேரில் நஞ்சின் எச்சம் இருந்தால் வாங்குவோர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பாமல் வாங்கிக்கொண்டால் அது இன்னும் மோசம். அதனால்தான் செடியின் நோய்க்குச் செடியிலிருந்தே மருந்து எடுக்கலாகுமா என்று ஆராய்ச்சியாளர்களும் உழவர்களும் தேடுகிறார்கள்.

இத்தேடலுக்கு நல்ல ஆதாரம் உண்டு. வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கடுகை உலர்ந்தபடியே கையில் எடுத்து முகருங்கள். மணம் ஒன்றும் இராது. அதைச் சிறிது தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும் நெடி உண்டாகிறது. அந்த நெடி கடுகுக்குள் முன்பே இருந்ததன்று. இரண்டு பொருள்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போது சுவர் உடைந்து, ஈரத்தில் அவை ஒன்றையொன்று சந்தித்த பிறகே காரப்பொருள் பிறக்கிறது. பூச்சி கடிக்கும்போது மட்டும் எறிவதற்காகச் செடி வைத்திருக்கும் படைக்கலம் அது. பூண்டும் அவ்வாறே. முழுப் பூண்டுக்கு அவ்வளவு மணமில்லை. நசுக்கினால்தான் அல்லிசின் என்னும் பொருள் உண்டாகிறது. 1944-இல் கவலிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க வேதியியலார் இதைப் பிரித்தெடுத்து, நுண்ணுயிர்களை அடக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று காட்டினார்கள். அதை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் அழிந்துவிடும். ஆகவே பூண்டை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகு நசுக்கிச் சாறெடுப்பவர் மருந்தைத் தொலைத்துவிட்டுத் தண்ணீரைத் தெளிக்கிறார். பச்சையாக நசுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு வடித்து, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும்.

இச்சாற்றின் வலிமையை ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறார்கள்? பூசணம் வளர்வதற்கு ஏற்ற கூழில், நூற்றுக்குப் பத்துப் பங்கு சாற்றைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையச் செய்வார்கள். நடுவில் பூசணத்தின் சிறு துண்டை வைப்பார்கள். சாறு கலக்காத மற்றொரு தட்டிலும் அப்படியே வைப்பார்கள். சில நாளில் வெறும் தட்டில் பூசணம் விளிம்பு வரை படர்ந்துவிடும். பூண்டுச்சாறு கலந்த தட்டில் வைத்த இடத்திலேயே சுருண்டு கிடக்கும். பார்ப்பவர் மனத்தில் பெரிய மகிழ்ச்சி பிறக்கும்.

அந்த மகிழ்ச்சி எனக்கும் பிறந்தது. நான் தலைமையாசிரியராக இருந்த கிராமத்துப் பள்ளியில், 2015-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு தோட்டத்தில் நாற்பது மருந்துக்கூர்க்கன் செடிகளை நட்டேன். செம்மண் சரிவு, தண்ணீர் தேங்காத இடம். பூண்டையும் வேப்பிலையையும் இடித்து, சாறு வடித்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை எல்லாச் செடிகளின் அடியிலும் ஊற்றினோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பையன், “ஐயா, நாலைந்து செடிகளுக்கு மட்டும் ஊற்றாமல் விட்டுப் பார்த்தால் என்ன?” என்று கேட்டான். “அவை செத்துப் போனால் உனக்கு மகிழ்ச்சியா?” என்று நான் அவனை உட்கார வைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. பையன் மறுமொழி சொல்லவில்லை.

தைமாதத்தில் தோண்டியபோது கிழங்கு நன்றாக இருந்தது. இரண்டொரு செடிகளே பட்டிருந்தன. அறிவியற் கண்காட்சியில் அதைக் காட்டிப் பாராட்டுப் பெற்றோம். செய்முறையை ஒரு தாளில் எழுதிப் படியெடுத்து, மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகுமாறு கொடுத்தேன். ஒரு மாணவியின் தந்தை, ஒரு ஏக்கரில் மருந்துக்கூர்க்கன் பயிரிடுபவர், அந்தத் தாளை நம்பினார். 2016-இல் வேறு மருந்து எதுவும் வாங்காமல், வீட்டார் அனைவரும் உட்கார்ந்து பூண்டு உரித்து, நான் எழுதியபடியே ஊற்றி வந்தார்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழகமெங்கும் கடும் வறட்சி என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மார்கழி பிறக்கும்போது அவருடைய வயலில் செடிகள் சாயத் தொடங்கின. பொங்கலுக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் மாலை, ஒரு செடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. “ஐயா, எதிலே தவறினேன் என்று பார்த்துச் சொல்லுங்கள். அளவு குறைத்துவிட்டேனோ?” என்றே கேட்டார். அவர் எதிலும் தவறவில்லை. முந்திய ஆண்டு எங்கள் தோட்டத்துச் செடிகளைக் காத்தது எங்கள் சாறா, 2015-இல் ஓயாமல் பெய்த மழையா என்பதை நான் அறியவே இல்லை. ஈரமண்ணில் அப்பூசணம் அடங்கிக் கிடந்திருக்கலாம். ஊற்றாத நாலு செடிகள் இருந்திருந்தால் அவை சொல்லியிருக்கும். அந்தப் பையன் கேட்டதும் அதைத்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், ஒரு சோதனைக்கு ஒப்புநோக்கு வேண்டும் என்று நான் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன்.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அடுத்த போகத்துக்கு வழி சொல்லுங்கள்” என்றார். வழி சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போடவேண்டியிருந்தது. அதை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் அரையடி ஆழத்துக்குள்ள மண்ணின் எடை ஏறக்குறைய ஒன்பது இலட்சம் கிலோ. கண்ணாடித் தட்டில் இருந்தது போல நூற்றுக்குப் பத்துப் பங்கு சாறு அம்மண்ணில் கலக்க வேண்டுமானால் தொண்ணூறாயிரம் கிலோ வேண்டும். ஏழெட்டுத் தண்ணீர் லாரி நிறையப் பூண்டுச்சாறு! அவர் ஊற்றியதோ ஒரு தடவைக்கு இருநூறு லிட்டர். அதுவும் மண்ணில் விழுந்தவுடன் களித்துகள்கள் ஒரு பங்கைப் பற்றிக்கொள்ளும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரு பங்கைத் தின்னும். அல்லிசினோ தானாகவே சிதையும் தன்மையுள்ளது. தட்டில் பூசணம் வேறு போக்கிடமின்றிச் சாற்றுக்குள் சிறைப்பட்டிருந்தது. வயலில் அது எங்கும் இருக்கிறது. சாறு எங்குமே போதுமான அளவில் இல்லை.

அப்படியானால் செடியிலிருந்து மருந்தெடுக்கும் எண்ணமே வீண் என்று தள்ளிவிடலாமா? கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மண் முழுவதையும் நனைக்க முடியாது என்றால், வேர் இருக்கும் இடத்தில் மட்டும், நெடுநாள், சிறிது சிறிதாகக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். அதற்குப் புட்டிச் சாற்றைவிடத் தகுந்த வழிகள் உள்ளன.

ஒன்று வேப்பம்பிண்ணாக்கு. எண்ணெய் ஆட்டிய பின் எஞ்சும் சக்கையில் கசப்புப் பொருள்கள் நிறையத் தங்கியிருக்கின்றன. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக, நடும் வரிசையில் மட்டும் இட்டு மண்ணோடு கலந்து நீர் பாய்ச்சினால், அது மட்கும்போது அப்பொருள்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன. நூற்புழுவுக்கு அது ஆகாது. அதோடு பிண்ணாக்கு, மண்ணில் பூசணத்தோடு போட்டியிடும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் ஆகிறது. பயன் கசப்பினால் எவ்வளவு, உணவினால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

மற்றொன்று இன்னும் அழகானது. சாறெடுக்கும் வேலையைச் செடியிடமே விட்டுவிடுவது. செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்கிறோமே, மாலை கட்டும் மஞ்சள் பூ, அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் ஒன்று இருக்கிறது. 1958-இல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் இதை அறிந்து வெளியிட்டார்கள். அந்நாட்டில் பூச்செடி வளர்ப்போர், செண்டுமல்லி நின்ற நிலத்தில் அடுத்த பயிருக்கு வேர்நோய் குறைவதைக் கவனித்திருந்தார்கள். மருந்துப்பயிர் நடுவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியை நிலத்தில் அடர்த்தியாக வளர்த்தால், பூவும் விற்கலாம், புழுவும் குறையும். ஆனால் கரும்புள்ளிப் பூசணத்தை இது நேராகத் தாக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பூசணம் நுழைவதற்குப் புழு திறந்து வைக்கும் கதவுகளின் எண்ணிக்கையே குறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செடியிலிருந்து வந்தது என்பதனால் தீங்கற்றது என்று யாரும் நினைக்க வேண்டா. நம் மாநில மலரான செங்காந்தள், மருந்துக்காகவே மூலனூர்ப் பக்கம் பயிரிடப்படுவது. ஆளைக் கொல்லும் நஞ்சு அதில் உண்டு. அரளியும் ஊமத்தையும் நீங்கள் அறிந்தவையே. பூச்சி மருந்து செய்கிறோம் என்று இவற்றை இடித்துச் சாறு பிழியும் வேலையில் மாணவர்கள் தாமாக இறங்கக் கூடாது.

இனி வயலுக்குத் திரும்புவோம். 2017-இல் நான் ஓய்வு பெற்றேன். அவ்வாண்டு அந்த உழவரின் நிலத்து மூலையில் எட்டு வரிசை ஒதுக்கினோம். இரண்டு வரிசைக்குப் பிண்ணாக்கு. இரண்டு செண்டுமல்லி நின்ற இடத்தில். இரண்டில் நாற்றாக வைக்கும் நுனித்தண்டுகளைப் பூண்டுச்சாற்றில் நனைத்து நட்டுப் பிறகும் அச்சாற்றையே ஊற்றினோம். இரண்டு வரிசைக்கு ஒன்றுமே இல்லை. செண்டுமல்லிக்கு மட்டும் முன்கூட்டியே இடம் குறித்தாயிற்று. மற்றவை எங்கெங்கே வருவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தோம். நல்ல மண்ணைப் பார்த்து நமக்குப் பிடித்த மருந்துக்குக் கொடுத்துவிடும் பழக்கம் மனிதனுக்கு உண்டல்லவா? நுனித்தண்டுகளை எல்லாம் முடிச்சில்லாத தாய்ச்செடிகளிலிருந்து மட்டுமே கிள்ளினோம். நோயுற்ற வயலின் நாற்றோடு நோயும் வந்துவிடும். வாரந்தோறும் சாய்ந்த செடிகளை எண்ணி, தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள் அவருடைய மகள்.

தேதியிட்ட குறிப்பு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளின் பூசண நோயைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அந்நாட்டு வேளாண்மைத் துறைக்கும் உரிமை வழங்கியது. இது இந்தியாவில் முன்பே நடைமுறையில் இருந்தது என்று பலர் எதிர்த்து வாதிட்டு, சான்று காட்டினார்கள். 2000-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் 2005-இல் அத்தீர்ப்பே நிலைத்தது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே தெரியும் என்று வாயால் சொல்வது அங்கே போதாது. யார், எந்த ஆண்டு, எந்தப் பயிருக்கு என்று காட்ட வேண்டியிருந்தது.

எங்கள் எட்டு வரிசை சொன்னது இது. பூண்டுச்சாற்று வரிசைகளுக்கும் ஒன்றுமே செய்யாத வரிசைகளுக்கும் வேறுபாடு காணமுடியவில்லை. நான் பெருமையோடு தாளில் எழுதிக் கொடுத்த மருந்து அது. பிண்ணாக்கு வரிசைகளில் சாவு குறைவு. செண்டுமல்லி நின்ற இடத்தில் வேர்முடிச்சு மிகக் குறைவு. சாவும் ஓரளவு குறைவு. நோய் எந்த வரிசையிலும் முற்றாக நீங்கவில்லை. ஒரு வயலில் ஓராண்டு கண்டதை வைத்துக்கொண்டு உலகுக்கு விதி வகுக்க இயலாது என்பதால், அடுத்த ஆண்டும் சீட்டுக் குலுக்கினோம்.

அப்பெண் இப்போது வேளாண்மைப் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். அவளுடைய தந்தை இன்றும் பயிரிடுகிறார். செண்டுமல்லிக்குப் பின் கூர்க்கன், வரிசையில் பிண்ணாக்கு, கோடையை ஒட்டி நிலம் காயாதபடி அளவான நீர் என்பது அவருடைய முறை. ஆண்டுதோறும் வயலின் நடுவில் இரண்டு வரிசைக்கு மட்டும் எதுவும் இடாமல் விட்டு வைக்கிறார். அவ்வழியே போகும் பக்கத்து நிலத்துக்காரர்கள், அந்த இரண்டு வரிசையில் செடி சாய்ந்து கிடப்பதைக் கண்டு, பிண்ணாக்கு தீர்ந்துபோயிற்றா என்று கேலி பேசுவார்களாம். சென்ற தைமாதம் நான் போயிருந்தபோது, அவர் என்னை முதலில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டியது அந்த இரண்டு வரிசையைத்தான்.